நெஞ்சு விளக்கு

"பூவா, தலையா?"

"தலை," என்றாள் பிலோமினா.

"என்னிக்காவது பூ கேட்டிருக்கியாடி நீ?" என்றாள் சுகந்தி.

"பூவ நீயே வெச்சுக்க. ஒனக்குத்தான் வீட்ல வாங்கித்தர ஆளிருக்கு."

சேனல்காரன் தினகர் சிரித்துக்கொண்டே காசைச் சுண்டினான். அது மேக்கப் மேஜைக் கண்ணாடியில் பட்டுத் தெறித்து, பவுடர் டப்பாவுக்குப் பக்கத்தில் தலை காட்டிப் படுத்தது.

"பிலோ மேடம் ஜெயிச்சாச்சு. அப்ப 'நிறுத்தினா' கட்சி அவங்களுக்கு. சுகந்தி மேடம், நீங்க 'தானா நின்னுபோச்சு' கட்சி. போலாமா? கசாயம் ரெடி."

இவ்வளவுதான் சங்கதி. ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் தமிழ்நாட்டில் பாதிப் பேர் தொண்டை வறளச் சண்டை போடப்போகிற கருத்து, ஒரு பவுடர் டப்பாவின் நிழலில் இப்படித்தான் பிறக்கும்.

நிகழ்ச்சியின் பெயர் 'மையக்கோடு'. பெண்கள் கபடி லீக் நடக்கும் மாதங்களில் தினமும் வரும். சுகந்தியும் பிலோமினாவும் ஒரு காலத்தில் மாநில அணியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஆடியவர்கள். ஓரத்தில் சுகந்தி, அவளை ஒட்டி பிலோமினா. பாடி வருகிற எதிரணிக்காரியை இரண்டு பேரும் கைகோத்து மடக்குவார்கள். சங்கிலிப் பிடி என்று அதற்குப் பெயர். இப்போது அம்பத்தைந்து வயதுக்கு மேலே, எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஒருவரை ஒருவர் மடக்குகிறார்கள்.

அன்றைக்கு விவாதத்துக்கு அகப்பட்டவள் நித்திலா. கெடிலம் அணியின் பெண். அரையிறுதியின் கடைசி நிமிடத்தில் பாடிப்போனாள். எதிரணியான பவானியில் ஒருத்தியைத் தொட்டும்விட்டாள். பவானி அணியில் ஒருவர் கையும் அவள் மேல் இல்லை. திரும்பி நடுக்கோட்டைத் தொட்டால் ஜெயம். இரண்டு எட்டு இருக்கும்போது, வாயிலிருந்த 'கபடி கபடி' அப்படியே நின்றுவிட்டது. பாட்டு அறுந்தால் அவுட். நடுவர் விசில் ஊதினார். கெடிலம் தோற்றது. நித்திலாவோ அடுத்த வருஷம் பவானி அணிக்குப் போவதாக ஏற்கெனவே பேச்சு முடிந்திருந்த பெண். போதாதா?

'மூச்சு நின்றதா, நிறுத்தினாளா?' என்று பெரிய எழுத்தில் போட்டுவிட்டார்கள்.

முன்பெல்லாம் இந்த விவாதங்களை ஜனங்கள் ஒரு சிரிப்போடுதான் பார்த்தார்கள். கேமராவுக்கு முன்னால் கட்டிப் புரண்டவர்கள் பின்னால் போய் ஒரே பொட்டலத்துப் பிரியாணியைப் பிட்டுத் தின்கிற வீடியோ ஒன்று வெளியே வந்ததும், சிரிப்பு கோபமாகிவிட்டது. எங்களை என்ன கேனையன் என்று நினைத்தீர்களா என்று ஊரே கேட்டது. அப்போது வந்ததுதான் நெஞ்சு விளக்கு. காதுக்குப் பின்னால் பொட்டு அளவுக்கு ஒரு பட்டை ஒட்டுவார்கள். நாக்கு சொல்வதை நெஞ்சு நம்பினால், திரையின் மூலையில் பச்சை எரியும். இல்லாவிட்டால் இருட்டு. வந்த புதிதில் எல்லாச் சேனலும் இருண்டு கிடந்தது. பழைய ஆட்டக்காரர் ஒருவர் 'வணக்கம்' சொன்னபோதுகூட எரியவில்லையாம்.

பிறகு உண்மையைப் பேசிப் பார்த்தார்கள். உண்மையாகப் பேசுகிறவர்கள் அடிக்கடி சொன்ன வார்த்தை, 'சரியாத் தெரியலைங்க.' அதைக் கேட்க எவன் விளம்பரம் முடியும்வரை உட்காருவான்? அதனால் வந்தது கசாயம்.

கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது. குடித்துவிட்டு, ஒரு சின்ன அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு முக்கால் மணி நேரம் உட்கார வேண்டும். உன் கட்சிக்கான காட்சிகள், உன் கட்சிக்கான வாதங்கள் மட்டும் ஓடும். எழுந்து வரும்போது நெஞ்சு அதை நம்பிவிடும். அந்த அறைக்கு ஊறல் ரூம் என்று பெயர் வைத்தவள் பிலோமினா.

வேலைக்குச் சேர்ந்த நாளில் சுகந்தி கேட்டிருக்கிறாள், "அப்ப நான் எத நம்பணும்னு நீங்க சொல்வீங்க. அப்படித்தானே?"

"நாங்க எங்க மேடம் சொல்றோம்? காசு சொல்லுது," என்றான் தினகர். "பொய் சொல்லச் சொன்னாத்தான தப்பு? நீங்க நம்புறதத்தான் பேசப்போறீங்க. தூங்கி எந்திரிச்சா எல்லாம் போயிடும். மறுநாள் புது டாஸ்."

மூன்று வருஷமாகிறது.

அன்று நிகழ்ச்சியில் சுகந்தி நித்திலாவுக்காக அழுதேவிட்டாள். "ஒரு பொண்ணோட மூச்ச சந்தேகப்படுறீங்களேடி!" என்று அவள் மேஜையைத் தட்டியபோது பச்சை பளிச்சென்று எரிந்தது. "மூச்சுக்குத் தெரியும் அடுத்த வருஷ கான்ட்ராக்ட்," என்று பிலோமினா திருப்பியடித்தாள். அதுவும் பச்சை.

வீட்டுக்கு வந்தால் கணவர் வரதன் கதவைத் திறக்கும்போதே கேட்டுவிடுவார்.

"இன்னிக்கு எந்தக் கட்சி?"

"தானா நின்னுபோச்சு."

"சரி. அப்ப அந்தப் புள்ள நல்ல புள்ள. தோசை ஊத்தவா?"

மின்வாரியத்தில் வேலை பார்த்தவர். எந்தக் கம்பியைத் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். அவள் தூங்கி எழுகிறவரை கபடியைப் பற்றி வாயைத் திறக்கமாட்டார்.

"கசாயம் இன்னிக்கும் இனிப்பாத்தான் இருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். "முன்னல்லாம் குடிச்சிட்டு வந்தா நாக்கு மரத்துப்போச்சு, சாப்பாடே எறங்கலம்ப."

"பழகிடுச்சு போல."

காலையில் சுகந்தி கண் விழித்ததும் வழக்கம்போல உள்ளே தேடிப் பார்த்தாள். கொடியில் காயப்போட்ட புடவையை எடுக்கப் போனால் வெறும் கிளிப்புகள் மட்டும் தொங்குமே, அந்த மாதிரி இருந்தது. நித்திலா என்ற பெயர் இருந்தது. அவளுக்காக அழுததும் நினைவிருந்தது. அழுகைக்குக் காரணமான அது மட்டும் இல்லை.

வாசலில் மணி அடித்தது.

நித்திலாவேதான். தோளில் ஒரு முழுப் பலாப்பழத்தைச் சுமந்துகொண்டு நின்றாள்.

"பண்ருட்டிலேர்ந்து பஸ்ல எடுத்தாந்தேன்கா. கண்டக்டர் இதுக்கும் டிக்கெட் எடுன்னுட்டாரு," என்று சிரித்தவள், பழத்தை இறக்கி வைத்த கையோடு குனிந்து சுகந்தியின் காலைத் தொட்டாள். கபடிக் களத்தில் எத்தனை வயதானாலும் மூத்தவள் அக்காதான். அந்த அக்காவுக்குக் கால் கூசியது.

"எந்திரிம்மா. என்ன இது?"

"டீம்ல ஒருத்தி பேசமாட்டேங்குறாக்கா. எங்கம்மாவே, 'ஏண்டி நிறுத்தின?'ன்னுதான் கேட்டுச்சு. 'நிறுத்தினியா'ன்னுகூட இல்ல. நீங்க ஒருத்தருதான்... விளக்கு எரிஞ்சுதேக்கா. பாத்துட்டு எங்கம்மா டிவியவே தொட்டுக் கும்புட்டுச்சு."

சுகந்தி சமையலறைப் பக்கம் பார்த்தாள். வரதன் கத்திக்கு எண்ணெய் தடவுகிற பாவனையில் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஏம்மா நின்னுச்சு பாட்டு?"

"தெரியலக்கா. எச்சி முழுங்கினேனோ என்னமோ. கோடு கண்ணு முன்னால கெடக்கு. கால் போவுது. வாய்ல பாட்டு இல்ல."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்கா. வேற என்னன்னு சொல்றது?"

வரதனுக்குப் பொறுக்கவில்லை. "அந்தப் பட்டைய ஒன் காதுக்குப் பின்னால ஒட்டிட்டு நீயே சொல்லிட்டாப் போச்சுல்ல? எதுக்கு ஊர்ல உள்ளவங்க சொல்லணும்?"

"ஒட்டிப் பாத்துட்டாங்க மாமா. எரியல."

வரதன் கத்தியைக் கீழே வைத்தார்.

"'நான் வேணும்னு நிறுத்தல'ன்னு சொல்ல வாயெடுத்தாலே, ஒருவேள நிறுத்திட்டமோன்னு பயம் வந்துருது. எல்லாரும் சொல்லிச் சொல்லி எனக்கே... பயந்தா எரியாதாம்க்கா. அப்பறம் நான் எப்படி எரிய வெக்கிறது?" முந்தானை இல்லாத சுடிதாரில் துப்பட்டாவைத் தேடி, அதுவும் இல்லாமல், கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "வர்ற புதன்கிழமை விசாரணைக் குழு கூடுது. ஒங்க சேனல்லயே நேரலையாம். நீங்க வந்து அன்னிக்கு சொன்னதையே ஒரு தடவ சொல்லிடுங்க்கா. இல்லன்னா ஆயுசுக்கும் ஆட முடியாது. எனக்கு இது ஒண்ணுதான்கா தெரியும்."

"வரேம்மா," என்றாள் சுகந்தி. வேறு எதைச் சொல்லமுடியும்?

நித்திலா போனபின், சுகந்தி கைப்பையிலிருந்து தன் பட்டையை எடுத்தாள். ஒத்திகைக்கென்று அதிலேயே கடுகு அளவுக்கு ஒரு விளக்கு உண்டு. வரதன் அதைக் காதுக்குப் பின்னால் ஒட்டிவிட்டு, சற்றுத் தள்ளி நின்று பார்த்தார்.

"என் பேரு சுகந்தி."

"எரியுது."

"நேத்து சாம்பார்ல உப்பு கம்மி."

"எரியுது. அதயும் சொல்லணுமா?"

"நித்திலா வேணும்னு நிறுத்தல."

அவர் கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"நித்திலா வேணும்னுதான் நிறுத்தினா."

"அதுக்கும் இல்ல சுகந்தி."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். ரெண்டுக்கும் இல்ல."

அவள் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆடுகிற காலத்தில் எதிரணிக்காரியின் காலை அவள் பார்க்கவே மாட்டாள். பாட்டைத்தான் கேட்பாள். எந்த 'கபடி'யில் மூச்சு தேய்கிறது, எந்த 'கபடி' வெறும் மிரட்டல் என்று காதுக்குத் தெரிந்துவிடும். மூச்சு தேய்கிற அந்தப் பாட்டிலேயே கணுக்காலில் கை விழும். பயிற்சியாளர் அவளைக் காதுக்காரி என்றுதான் கூப்பிடுவார். இப்போது அரையிறுதி வீடியோவைப் போட்டு, திருப்பித் திருப்பிக் கேட்டாள். ஒரு பெண் பாடுகிறாள். நிற்கிறாள். அவ்வளவுதான் கேட்டது.

"மறுபடி போடவா?" என்றார் வரதன்.

"வேணாம். நிறுத்துங்க."

பிலோமினாவுக்குப் போன் போட்டாள்.

"எனக்கும் காலையில காலிதான்டி," என்றாள் அவள். "எதுத்த வீட்டுக்காரி வந்து 'நல்லா வாங்கினீங்கக்கா அந்தக் களவாணிய'ன்றா. எனக்கு மூஞ்சிய எங்க வெக்கிறதுன்னு தெரியல."

"புதன்கிழமைக்கு என்ன பண்றது?"

"நம்ம ஷோதான, அங்கயும் டாஸ்தான். யாருக்கு எது விழும்னு யாரு கண்டா?"

"எது விழுந்தாலும் ஒண்ணு பண்ணலாம். 'தானா நின்னுபோச்சு' யாருக்கு விழுதோ, அவ கசாயத்தக் குடிக்கட்டும். பச்சை எரியட்டும். 'நிறுத்தினா' எவளுக்கு விழுதோ, அவ குடிக்கக்கூடாது. சும்மா வாயால பேசட்டும். இருட்டடிக்கும்ல? பொய்யின்னு ஊரே பாத்துக்கும்."

அந்தப் பக்கம் பிலோமினா அந்தக் காலத்துச் சிரிப்பைச் சிரித்தாள்.

"சங்கிலிப் பிடியா?"

"ஆமா. கைய விட்ராத."

"நான் என்னிக்குடி விட்டிருக்கேன்?"

புதன்கிழமை ஸ்டுடியோவில் கல்யாண வீட்டுக் கூட்டம். விசாரணைக் குழுத் தலைவருக்கு மூக்கில் பவுடர் அடித்துக்கொண்டிருந்தார்கள். நித்திலா ஒரு மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில், முழங்காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுகந்தியைப் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள்.

"இன்னிக்கு நீங்க கேளுங்க மேடம்," என்று தினகர் காசை எடுத்தான். "பூவா, தலையா?"

"பூ."

காசு விழுந்தது. பூ.

"அட! மூணு வருஷத்துல இப்பதான் மேடம் டாஸ் ஜெயிக்கிறீங்க. 'நிறுத்தினா' கட்சி ஒங்களுக்கு. ஸ்வீட் குடுக்கணும்."

பிலோமினா அவள் கையை ஒரு தடவை அழுத்திவிட்டுத் தன் ஊறல் ரூமுக்குள் போனாள்.

சுகந்தியின் அறையில் ஒரு செடி உண்டு. பிளாஸ்டிக் செடி, வாடாது. கசாயத்தை அதன் தொட்டியில் ஊற்றிவிட்டு வெறும் டம்ளரை மேஜையில் வைத்தாள். ஒரு சொட்டுகூட உதட்டில் படவில்லை. ஹெட்போனை மாட்டாவிட்டால் வெளியே மணி அடிக்கும் என்பதால் அதை மாட்டிக்கொண்டாள். மாட்டினால் என்ன? மருந்து இல்லையே.

காட்சிகள் ஓடின. நித்திலாவின் தொண்டை, மிகக் கிட்டத்தில். பாட்டு நிற்பதற்குக் கொஞ்சம் முன்பு பவானி அணியின் பெஞ்சுப் பக்கம் திரும்பிய கண். பயிற்சியில் இதைப்போல இரண்டு மடங்கு நேரம் மூச்சு விடாமல் அவள் பாடிய வீடியோ. இவ்வளவு பாடுகிறவளுக்கு இரண்டு எட்டுக்கு மூச்சில்லையா என்று ஒரு நிதானமான குரல் கேட்டது. சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். மனசுக்குள்ளேயே பாட ஆரம்பித்தாள். கபடி, கபடி, கபடி, கபடி. அந்தக் குரல் நுழையாதபடி பாடிக்கொண்டே இருந்தாள். பழைய களத்து மண்ணின் வாசனைகூட வந்தது.

கதவைத் தட்டி, "ஷாட் ரெடி மேடம்," என்றபோதுதான், மனசுக்குள் பாட்டு இல்லை என்று தெரிந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை. கண்ணும் திறந்துதான் இருந்தது.

முதலில் பிலோமினா பேசினாள். "இந்தப் பொண்ணு ஒரு தப்பும் பண்ணல. அறுந்த மூச்ச நான் எத்தன தடவ பக்கத்துல நின்னு பாத்திருக்கேன். அது தெய்வத்துக்குக்கூடச் சொல்லிட்டு அறாது," என்றாள். பச்சை எரிந்தது. நித்திலாவின் அம்மா கூட்டத்தில் எங்கோ விம்முவது கேட்டது.

"நீங்க சொல்லுங்க சுகந்தி மேடம்."

சுகந்தி தயாராகத்தான் இருந்தாள். வேண்டாவெறுப்பாக நாலு வார்த்தை, மூலையில் இருட்டு, முடிந்தது வேலை.

"என் அபிப்பிராயத்துல, நித்திலா வேணும்னுதான் பாட்ட நிறுத்தினா."

எதிரே இருந்த பெரிய திரையின் மூலையில் பச்சை எரிந்தது.

பழுதாக இருக்கும் என்று நினைத்தாள். இன்னொன்று சொல்லிப் பார்த்தாள். "கண்ணு பெஞ்சுப் பக்கம் போனத நான் பாத்தேன்." பச்சை. "பயிற்சியில இதவிட எவ்ளோ நேரம் பாடியிருக்கா?" பச்சை. பிறகு சொல்லிப் பார்ப்பதற்காக அவள் பேசவில்லை. பேச்சு தானாகவே வந்தது, சூடாக, வரிசையாக, ஒன்றுக்கு ஒன்று கைகொடுத்துக்கொண்டு. எங்கள் காலத்தில் களத்து மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்குவோம், இவள் எதைக் கும்பிட்டுவிட்டு இறங்கினாள் என்று கேட்டாள். நடிப்பே இல்லை. உள்ளே எங்கோ ஒரு சின்னக் குரல், இது டாஸில் விழுந்தது, ஞாபகம் வைத்துக்கொள் என்றது. ஞாபகம் இருக்கிறது, அதற்கு என்ன இப்போது, கண் அந்தப் பக்கம் போனது போனதுதானே என்று அவளே அதற்குப் பதிலும் சொன்னாள்.

பிலோமினா மேஜைக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

குழுத் தலைவர் ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "இருவர் கருத்துமே உண்மையானவை என்று விளக்கு காட்டுகிறது. ஆனால் சுகந்தி அவர்கள் முதலில் இந்த வீராங்கனையை மனப்பூர்வமாக ஆதரித்தவர். ஆதரித்தவரே மனம் மாறியிருக்கிறார் என்றால் அதை நாங்கள் லேசாக எடுத்துக்கொள்ள முடியாது," என்றார். நித்திலா இனி எந்த லீக் ஆட்டத்திலும் இறங்கக்கூடாது. கைதட்டல் போட்டார்கள். விளம்பரம் வந்தது.

மைக்கைக் கழற்றும்போது பிலோமினா பக்கத்தில் வந்தாள்.

"குடிச்சிட்டியாடி?"

"இல்ல."

"பச்சை எரிஞ்சுது சுகந்தி."

"சத்தியமா குடிக்கல. செடித் தொட்டியில..."

"போதும்." பிலோமினா முழுசாக நித்திலாவின் கட்சியில் இருந்தாள். காலையில் தூங்கி எழுகிறவரை இருப்பாள். "அந்தப் புள்ளய வித்துட்ட. கைய விட்ராதன்னு நீதான சொன்ன?" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சுகந்தி தினகரைத் தேடிப் பிடித்தாள். அவன் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக, ரேட்டிங் ஏறுவதைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தான்.

"தினகர், நான் இன்னிக்குக் கசாயம் குடிக்கல."

"பாத்தேன் மேடம். ரூம்ல கேமரா இருக்குல்ல."

"பின்ன எப்படி எரிஞ்சுது? நீங்களே எரிய விட்டீங்களா?"

"ஐயோ, விளக்குல கை வெச்சா ஜெயில் மேடம். அது ஒண்ணுதான் இங்க சுத்தம்." டீயைக் கீழே வைத்தான். அவன் கெட்டவன் இல்லை. சொல்வதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டான். "கோவிச்சுக்கக்கூடாது. போன வருஷமே அந்தக் கசாயக் கம்பெனிக்காரன் மூடிட்டுப் போயிட்டான். எங்களுக்கு அல்லு விட்டுப்போச்சு. அன்னிக்கு ஷோவ நிறுத்த முடியாதுன்னு சுக்குத் தண்ணியில கருப்பட்டி போட்டு ஒங்களுக்கெல்லாம் குடுத்துட்டு, சாமியக் கும்புட்டுட்டு உக்காந்தோம். எரிஞ்சுது. மறுநாளும் எரிஞ்சுது. அப்புறம் எதுக்கு மேடம் மருந்து?"

"பிலோவுக்கும் கருப்பட்டித் தண்ணிதானா?"

"எல்லாருக்கும்தான். கிரிக்கெட் சார்ங்களுக்கும். டாஸ் விழுந்தாப் போதும் மேடம். ஒங்களுக்கெல்லாம் பழகிடுச்சு."

அவள் அவன் மேல் கோபப்படப் பார்த்தாள். கோபம் நிறையவே இருந்தது. ஆனால் அது அவன் பக்கம் திரும்பவே இல்லை. பெஞ்சுப் பக்கம் போன அந்தக் கண்ணின் மேலேயே இருந்தது.

வண்டி நிறுத்துமிடத்தில் வரதன் காரைக் கிளப்பித் தயாராக வைத்திருந்தார். அதன் முன்னால் நித்திலா நின்றாள். அழுது முடித்த முகம்.

"திட்ட வரலக்கா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கும் பச்சை எரிஞ்சுது. இன்னிக்கும் பச்சை எரிஞ்சுது. இதுல எது நெஜம்க்கா?"

"ரெண்டும்தாம்மா."

"அது எப்படிக்கா?"

சுகந்தி சொல்லத்தான் நினைத்தாள். காசை, ஊறல் ரூமை, கருப்பட்டித் தண்ணியை. ஆனால் வாயைத் திறந்தால் 'நீ ஏண்டி நிறுத்தின?' என்பதுதான் வரும் என்று பட்டது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில வாம்மா. தூங்கி எந்திரிச்சுட்டுப் பேசறேன்."

"எங்கம்மா சொல்லும், ஒங்களுக்குக் காதுக்காரின்னு பேராம். மூச்சு அறுறது ஒங்களுக்கு முன்னாடியே கேக்குமாம்." நித்திலா செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றாள். "பாடிக் காட்டுறேன். நீங்களே கேட்டுச் சொல்லுங்க. விளக்கு வேணாம். நீங்க என்ன சொன்னாலும் ஏத்துக்குறேன்."

"வேணாம்மா..."

அவள் குனிந்து சிமெண்டுத் தரையைத் தொட்டுக் கும்பிட்டாள். மூச்சை இழுத்தாள். கபடி, கபடி, கபடி, கபடி... கார்களுக்கு நடுவில் இல்லாத எதிரணியை நோக்கி இல்லாத கோட்டைத் தாண்டிப் போனாள். தொட்டாள். திரும்பினாள். சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வரதன் வண்டியை அணைத்துவிட்டார்.

சுகந்தி கண்ணை மூடிக் காதைக் கொடுத்தாள். உடம்பு முழுவதையும் காதாக்கிக்கொண்டு நின்றாள்.

கபடி, கபடி, கபடி, கப...

நின்றது.

நித்திலா இரைக்க இரைக்க அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொல்லுங்க்கா. இப்ப நிறுத்தினனா, நின்னுச்சா?"

சுகந்தி கண்ணைத் திறந்து, களத்தில் நின்ற காலத்துப் பழக்கத்தில், பக்கத்தில் கையை நீட்டித் துழாவினாள். கோத்துக்கொள்ள அங்கே யாரும் இல்லை.